இரண்டு டஜன் டம்ளரும் ஒரு பிட்காயின் சாவியும்

போன வாரம் என் தம்பி மகள் உமையாளுக்குக் கல்யாணம். காரைக்குடியில், தம்பி குடியிருக்கும் எங்கள் பூர்வீக வீட்டிலேயே. இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து கந்தரப்பத்தைப் பிட்டு வாயருகே கொண்டு போகிறேன்... பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆச்சி, அந்த டம்ளர் போட்டோவ எல்லாரையும் ஸ்டேட்டஸ்ல இருந்து எடுத்துரச் சொல்லுங்க. கொஞ்சம் சீக்கிரம்.”

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் கதிரேசன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை என்று காலையில்தான் அறிமுகம் செய்து வைத்தார்கள். முப்பது வயதிருக்கும்.

“எந்த டம்ளர்ப்பா?”

“சாமான் பரப்பி வச்சிருந்தீகள்ல... அடியில வார்த்தை வெட்டின டம்ளர். உங்க தம்பிகிட்டச் சொல்லுங்க, அவுகளுக்குப் புரியும்.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் புத்தி தெரியும். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். கூரியர்க்காரர் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, அன்று காலையில்தான் அறிமுகமான ஒருவன் டம்ளரைப் பற்றி ரகசியம் பேசினால்? கந்தரப்பம் இறங்குமா?

முதல் வேலையாக எங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். டம்ளர் படம் யார் போட்டிருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள், காரணம் அப்புறம் சொல்கிறேன். பிறகு தம்பியைத் தேடிப் போனேன்.

என் தம்பி சொக்கலிங்கம் சிங்கப்பூரில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, சில வருடங்களுக்கு முன்பு மனைவி மீனாளோடு ஊருக்கே வந்துவிட்டவன். வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்று, வருகிறவர்களையெல்லாம் சிரித்த முகமாக வரவேற்றுக்கொண்டிருந்தான். அருகில் போய்க் காதில் சொன்னேன். சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றுவிட்டது. கும்பாவைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்தான். என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். கதவைச் சாத்தினான். ஜன்னலையும் சாத்தினான்.

“ஆச்சி, எந்த டம்ளரு?” (எங்கள் வீடுகளில் அக்காவை ஆச்சி என்போம்.)

“அதாண்டா... கனமா ரெண்டு டஜன். அடியில நம்பர் போட்டு லெமன், ஆனியன், டைகர்னு என்னமோ வெட்டியிருந்துச்சே.”

கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

“அது என்னோட பிட்காயின் சாவி.”

கல்யாண வேலையில் மூளை குழம்பிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் உங்களுக்கும் சொல்கிறேன்.

சிங்கப்பூர்ச் சேமிப்பில் பாதியை இவன் பிட்காயினாக வாங்கி வைத்திருக்கிறான். மீனாளிடம் பேங்க் டெபாசிட் என்று சொல்லியிருக்கிறான். ஏன்? அவளுக்குத் தெரிந்தால் தங்கச்சியிடம் சொல்வாள், தங்கச்சி அவள் வீட்டுக்காரரிடம் சொல்வாள், அவர் ஊரெல்லாம் சொல்வார். இது அவன் கணக்கு. இருவருக்கும் கடைசிக்காலம் வரைக்கும் சோறு போட வேண்டிய பணம் அது. அதில் பாதிக்குச் சொந்தக்காரிக்கு விஷயமே தெரியாது.

இந்தக் காயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டு வைக்கலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். இவன் செய்வானா? இவனுடைய சிங்கப்பூர் நண்பர் ஒருவர் அப்படித்தான் விட்டு வைத்திருந்தார். ஒரு நாள் திறந்து பார்த்தால் ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்று ஓர் அறிவிப்பு. அந்தப் பராமரிப்பு இன்னும் முடியவில்லை. அதிலிருந்து இவனுக்கு ஒரே மந்திரம் — நம் சாவி நம் கையில் இருந்தால்தான் நம் பணம்.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஹார்டுவேர் வாலட். பென் டிரைவ் அளவுதான். பேரைக் கேட்டுவிட்டுப் பணம் அதற்குள் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்... நான் நினைத்தேன். உள்ளே இருப்பது சாவி மட்டும். சரி, கருவி தொலைந்தால்? தண்ணீரில் விழுந்தால்? அதற்காகத்தான் முதல் தடவை ஆன் செய்யும்போதே இருபத்துநான்கு வார்த்தைகளைத் திரையில் காட்டுகிறது. சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகள். வரிசை மாறாமல் எழுதி வைத்துக்கொண்டால், வேறொரு கருவியில் அவற்றை உள்ளிட்டு எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைகள் யார் கண்ணில் பட்டாலும் அவர்களும் அதையே செய்யலாமே? செய்யலாம். கையெழுத்து வேண்டாம், ஆதார் வேண்டாம், ஓடிபி வேண்டாம். போன பிறகு அழுதுகொண்டு போய் நிற்க ஒரு மேனேஜர் அறைகூடக் கிடையாது.

வாங்கும்போதே இவன் பட்ட சந்தேகம் கொஞ்சநஞ்சமல்ல. பார்சல் டேப் லேசாகச் சுருங்கியிருக்கிறது, யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று முதலில் வந்ததைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். அடுத்து வந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறான். ஒன்று பழுதானால் உதவட்டும் என்று ஸ்பேராக இன்னொன்றும் வாங்கியிருக்கிறான். ‘வாலட் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் வார்த்தைகளை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்’ என்று ஒரு போன் வந்ததாம். பேசியவனைத் திட்டிவிட்டு, நம்பரையே மாற்றிவிட்டான். இதுவரைக்கும் நான் அவன் கட்சிதான். உலகம் அப்படித்தானே இருக்கிறது?

சிக்கல், வார்த்தைகளை எங்கே எழுதி வைப்பது என்பதில் வந்தது.

காகிதம்? பழைய வீடு, கரையான் இருக்கிறது. இதற்கென்றே இரும்புத் தகடு ஆன்லைனில் விற்கிறார்கள். “அத வாங்குனா, நம்மகிட்ட இது இருக்குன்னு விக்கிறவனுக்குத் தெரிஞ்சிரும்ல ஆச்சி. அட்ரஸ் வேற குடுக்கணும்.” அப்படியென்றால் தகட்டுக்கு எங்கே போவது? வீடு முழுக்க எவர்சில்வரை வைத்துக்கொண்டு தகட்டுக்கு அலைவானேன்?

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாத்திரம் வாங்கினால் முதல் வேலை, அதன் அடியில் விலாசம் வெட்டுவது. விலாசம் என்றால் தெருப் பேரும் கதவு எண்ணும் இல்லை. குடும்பத்தின் முன்னெழுத்துகள். நாலு வீட்டுப் பாத்திரம் கலக்கிற விசேஷ வீட்டில் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ஸ்பூனில்கூட இருக்கும். அதனாலேயே எங்கள் ஊரில் பாத்திரத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

இதைத்தான் இவன் பிடித்துக்கொண்டான். கடையில் பேர் வெட்டுகிற அந்தச் சின்ன மெஷினை வாங்கி, பழைய கரண்டி ஒன்றில் பழகிப் பார்த்து, புத்தம் புது டம்ளர்கள் இரண்டு டஜனில் டம்ளருக்கொரு வார்த்தையாக வெட்டிவிட்டான். ஒன்று முதல் இருபத்துநான்கு வரை நம்பரும் போட்டு. அதுவும் தமிழ் எழுத்தில்.

“தமிழ்ல எதுக்குடா?”

“ஹேக்கரெல்லாம் வெளிநாட்டுக்காரன் ஆச்சி. அவனுக்குத் தமிழ் தெரியாதுல்ல.”

காரைக்குடியில் எல்லோருக்கும் தெரியுமே என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த டம்ளர்களைப் பாத்திர அறையில், நூற்றுக்கணக்கான பாத்திரங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறான். அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? மீனாளிடம். மகளுக்குச் சீர் சாமான் எடுத்து வைக்க அறைக்குள் போனவள் கண்ணில் கனமான, புத்தம் புது டம்ளர் இரண்டு டஜன் பட்டால் என்ன செய்வாள்? எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தாள்.

எங்கள் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான் அத்தனையையும் ஜமுக்காளம் விரித்துப் பரப்பி வைப்போம். வருகிறவர்களெல்லாம் சுற்றி வந்து பார்க்க வேண்டும். டம்ளர்களைக் கவிழ்த்து வைப்போம், விலாசம் தெரிய. இந்த டம்ளர்களில் நம்பர் வேறு இருந்ததா... வசதியாகப் போயிற்று, வரிசையாகவே வைத்தோம். ‘வைத்தோம்’ என்கிறேன், ஏனென்றால் பரப்புகிற வேலைக்கு மேஸ்திரி நான்தான். ஏழுக்குப் பக்கத்தில் ஒன்பதை வைத்த ஒருத்தியை அதட்டி, எட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னேன்.

“இதென்ன மீனா எழுத்து?” என்று அப்போதே கேட்டேன்.

“கப்புல எல்லாம் வாசகம் போட்டு விக்கிறாகல்ல ஆச்சி, அது மாதிரி டம்ளர்லயும் வந்துருச்சு போல” என்றாள்.

அப்புறமென்ன? வந்தவர்களெல்லாம் போட்டோ எடுத்தார்கள். கல்யாண வீட்டில் வேறென்ன செய்வார்கள்? எடுத்தவர்களெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டார்கள்.

“யாரு ஆச்சி ஒங்கிட்ட வந்து சொன்னது?” தம்பி கேட்டான்.

“கதிரேசன். மாப்பிள்ளைக்கு அண்ணன்.”

“அப்ப அவன் பாத்துட்டான்.”

“பாத்ததுனாலதாண்டா சொல்றான். எடுக்கணும்னு நெனைக்கிறவன் வந்து சொல்லுவானா?”

“சொல்லிட்டுத்தான் எடுப்பான். அப்பத்தான் அவன் மேல சந்தேகம் வராது.”

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. இது எனக்குத் தோன்றவில்லையே என்று லேசாக வெட்கமாகக்கூட இருந்தது.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான் என்றான். டம்ளரில் இருப்பது பழைய கருவியின் சாவி. ஸ்பேர் கருவியை ஆன் செய்தால் அது புதிதாக வேறு வார்த்தைகளைக் கொடுக்கும். பழையதில் இருக்கிற காயின் அத்தனையையும் புதியதற்கு அனுப்பிவிட்டால், அப்புறம் டம்ளரை யார் படித்தால் என்ன? ஊரே மனப்பாடம் செய்துகொள்ளட்டும். ஆனால் வேறு யாராவது முந்துவதற்குள் செய்ய வேண்டும்.

பீரோவின் மேல்தட்டில், பழைய குக்கர் டப்பாவுக்குள்ளிருந்து இரண்டு கருவிகளையும் எடுத்தான். பழையதை லேப்டாப்பில் சொருகினான். பின் நம்பர் கேட்டது. போட்டான். தவறு என்றது. மறுபடி போட்டான். அதுவும் தவறு.

“என்னடா, நம்பர் மறந்து போச்சா?”

“மாத்துனேன் ஆச்சி... போன தடவ நான் போட்டுக்கிட்டு இருக்கையில நீ உள்ள வந்தீல்ல, அன்னைக்கு மாத்துனேன். இப்பப் பழசப் போட்டுட்டேன்.”

என் மேல் சந்தேகப்பட்டு மாற்றியிருக்கிறான். கோபப்பட அப்போது நேரமில்லை. மூன்றாவது தடவை புது நம்பரைப் போட்டான். ஒரு இலக்கம் தள்ளிப் போய்விட்டது. திரை அணைந்து, வரவேற்பு வாசகத்தோடு மறுபடி எரிந்தது... கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி.

மூன்று தடவை தவறினால் அது தன்னையே அழித்துக்கொள்ளுமாம். திருடன் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். பதற்றத்தில் தப்பாக அழுத்துகிற சொந்தக்காரனைப் பற்றி யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

“பணம்?” என்றேன்.

“பணம் இருக்கு. தொறக்கத்தான் சாவி இல்ல. இருபத்துநாலு வார்த்தையும் வேணும்.”

“வேற எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியா?”

“ரெண்டு எடத்துல வச்சா ரெண்டு மடங்கு ஆபத்துன்னு...” முடிக்கவில்லை.

பரப்பிய சாமானெல்லாம் அதற்குள் மாப்பிள்ளையின் ஊரான திருப்பத்தூருக்குக் கிளம்பிப் போயிருந்தது. பெண் சாயங்காலம்; சாமான் வண்டி மத்தியானமே. டிரைவர் போனை எடுக்கவில்லை. எடுத்தால்தான் என்ன சொல்வது? ‘வண்டியை ஓரமா நிறுத்திட்டு டம்ளரை வாசி’ என்றா? சம்பந்தி வீட்டில் சொல்லலாமா? பெண்ணுக்குக் கொடுத்த டம்ளரைக் கல்யாணத்தன்றே திருப்பிக் கேட்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

“போட்டோ” என்றேன். “ஸ்டேட்டஸ்ல இருக்குமேடா.”

அவசரமாகப் பார்த்தோம். ஒன்றுகூட இல்லை. என் சொந்தக்காரர்கள் வாழ்நாளில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருந்தார்கள்.

ஸ்டேட்டஸில் இல்லாவிட்டால் போகிறது, அவரவர் போனில் இருக்குமே, கேட்டு வாங்கலாம் என்கிறீர்களா? இப்போதுதானே எடுக்கச் சொன்னேன்... உடனே திரும்பக் கேட்டால் அத்தனை பேரும் அந்தப் படத்தை உற்றுப் பார்க்க மாட்டார்களா? தம்பி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டான். கடைசியில் என் போனிலேயே ஒரு படம் இருந்தது. வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று காலையில் மேலே நின்று நானே எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் அந்தப் பழைய கருவியிலேயே டைப் செய்துகொண்டு வந்தான். ஓரிடத்தில் நின்றுவிட்டோம். பதினேழாவது டம்ளரின் மேல் ஒரு மல்லிகைச் சரம் விழுந்து கிடந்தது.

பதினேழு என்ன? எனக்கு நம்பர்தான் ஞாபகம் இருந்தது. வெட்டியவனுக்கோ எதுவுமே ஞாபகம் இல்லை. மனதில் வைத்திருந்தால் தூக்கத்தில் உளறிவிடுவோம் என்று மறக்கப் பாடுபட்டானாம்.

நெட்டில் தேடினான். விடுபட்ட ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று ஒரு வெப்சைட் வந்தது. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. மற்ற இருபத்துமூன்றையும் அதில் டைப் செய்ய வேண்டுமாம்.

“கைய எடு” என்றேன்.

“ஆச்சி, வேற வழி இல்ல...”

“கைய எடுடா மொதல்ல. யாரு நடத்துறான்னே தெரியாதவன்கிட்ட இருபத்துமூணையும் குடுத்துட்டு, ஒண்ணுக்காக வாசல்ல நிக்கப் போறியா?”

லேப்டாப்பை மூடிவிட்டான். முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான். கல்யாணப் பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு, என் தம்பி அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. மீனாள்.

“பொண்ணு கெளம்பப் போறா, அங்குட்டு எல்லாரும் தேடுறாக. ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டு என்ன பண்றீக?”

“ஒண்ணுமில்ல. நீ போ, வர்றேன்” என்றான் தம்பி.

அவள் போகவில்லை. அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? நான் சொல்லிவிட்டேன். டெபாசிட் இல்லை என்பதிலிருந்து மல்லிகைச் சரம் வரைக்கும்.

மீனாள் சத்தம் போடுகிறவள் இல்லை. போட்டிருந்தால் தேவலாம்.

“வீட்டுல இருக்குற சாவி பூராவும் என் இடுப்புலதான் இருக்கு. இது மட்டும் எனக்குத் தெரியக் கூடாதா?”

அவன் லேப்டாப்பைக் கட்டிலில் தள்ளி வைத்தான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த டம்ளரத் தொட்டிருப்பேனா?”

அவள் கேட்டது நியாயம்தானே? பேங்க்கைச் சந்தேகப்பட்டான், எக்ஸ்சேஞ்சைச் சந்தேகப்பட்டான், பார்சல் டேப்பைச் சந்தேகப்பட்டான். எல்லாம் சரி. ஆனால் சந்தேகத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிவதில்லை. வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வீட்டுக்குள் இருக்கிறவளையும் சேர்த்து வெளியே வைத்துப் பூட்டிவிடுகிறது. அப்புறம் அந்த இருட்டில் அவள் கை பட்டு ஏதாவது உடைந்தால் அது யார் தவறு?

மீனாள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். படத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அங்கிள்” என்றாள்.

“என்ன?”

“அங்கிள்னு ஒரு டம்ளரு இருந்துச்சு. நானும் உமையாளும்தான் எல்லாத்தையும் தொடைச்சோம். மாப்பிள்ளை வீட்டு எந்த அங்கிளுக்கு இந்த டம்ளர்னு அவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. இதுல அது இல்ல. பூவுக்கு அடியில இருக்குறது அதுதான்.”

தம்பி லேப்டாப்பைத் திறந்து, அந்த வார்த்தையையும் கருவியில் டைப் செய்தான். அந்தக் கருவி ஏற்றுக்கொண்டது. லேப்டாப்பில் ஒரு சக்கரம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு எண்கள் வந்தன. காயின் அத்தனையும் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. தம்பி அழுதுவிட்டான். மீனாள் அவன் தோளைத் தொடவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

ஸ்பேர் கருவி காட்டிய புது வார்த்தைகளை எழுதக் காகிதம் தேடினோம். கல்யாண வீட்டில் கைக்குக் கிடைப்பது என்ன? மிச்சமிருந்த பத்திரிகைதான். அதன் பின்பக்கம் எழுதினான். காயின்களை அனுப்பும் பட்டனை அழுத்தினான். அது போய்ச் சேர்ந்தது உறுதியாவதற்கு எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும் என்றான். அதற்குள் யாராவது முந்திக்கொண்டால்? அவ்வளவுதான்.

கீழே உமையாளை வழியனுப்ப எல்லோரும் கூடியிருந்தார்கள். காயின் போய்ச் சேர்ந்ததா என்று தம்பி போனைப் பார்த்தபடியே இறங்கினான். மகள் வந்து காலில் விழுகிறாள். இவன் ஆசீர்வாதம் செய்கிற கைக்கும் இன்னொரு கையில் இருக்கிற திரைக்குமாகக் கண்ணை ஓட்டுகிறான். பார்த்துக்கொண்டிருந்த மீனாள் அந்தப் போனைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள்.

“பொண்ணப் பாருங்க” என்றாள்.

பார்த்தான். உமையாள் எழுந்து அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அவனும் அழுதான். அந்த நேரத்தில்தான் என் கையிலிருந்த போனில், போய்ச் சேர்ந்துவிட்டது என்று வந்தது. நான் உடனே சொல்லவில்லை. மகளுக்காகக் கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதிரே மாப்பிள்ளை வீட்டுக் கும்பலில் கதிரேசன் நின்றிருந்தான். என்னைப் பார்த்து, சரியாகிவிட்டதா என்பதுபோலத் தலையை அசைத்தான். நானும் அசைத்தேன். நல்ல பையன்தான். இருந்தாலும் அவன் போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்தால் தேவலை. பழைய சாவிதான், இனி ஒன்றுக்கும் உதவாது, தெரியும். இருந்தாலும்.

வீடு காலியான பிறகு மீனாள் தம்பியிடம் வந்து கையை நீட்டினாள்.

“அந்தப் பத்திரிகையக் குடுங்க. நான் வச்சுக்கிறேன்.”

அவன் சட்டைப் பையில் கை வைத்தான். எடுக்க ஒரு நொடி தயங்கினான். ஒரு நொடிதான். அதற்குள் கொடுத்தும்விட்டான். ஆனால் அந்தத் தயக்கத்தை மீனாள் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற எனக்கே சுருக்கென்றது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? வாங்கியதை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாளுக்கு முன்பு தம்பி போன் செய்தான்.

“ஆச்சி, எங்க வச்சிருக்கான்னு சொல்ல மாட்டேங்கிறா. நயமாக் கேட்டுட்டேன். கடைக்குக் கூட்டிப் போனேன். அடுப்படியில போய் உக்காந்து வெங்காயம்கூட உரிச்சுக் குடுத்தேன். ‘பத்திரமா இருக்கு’ங்கிறா, அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நீ கேட்டாச் சொல்லுவா. கேட்டுச் சொல்லு.”

கவலை எனக்கும் இருந்தது. இவள் எங்காவது வைத்து மறந்துவிட்டால்? இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் காலையிலேயே போனேன். தம்பி வெளியே போயிருந்தான். மீனாள் காபி கொடுத்தாள்.

“எங்க மீனா வச்சிருக்க? எங்கிட்டக்கூடச் சொல்ல வேண்டாம். ஒனக்கு ஒண்ணு ஆனா அவன் என்ன பண்ணுவான், அத மட்டும் சொல்லு.”

“உமையாளுக்குத் தெரியும் ஆச்சி. அதெல்லாம் நெனைக்காமயா இருப்பேன்?”

“அப்ப அவன்கிட்டயும் சொல்லிர வேண்டியதுதானே? பாவம், பின்னாடியே அலையிறான்.”

மீனாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சொல்லிருவேன். ஒரு நிமிஷ வேல. சொன்ன மறுநாளே வாசப்பக்கம் போயி லேப்டாப்பத் தொறந்துக்கிட்டு உக்காந்துருவாரு. இப்பப் பாருங்க, காலையில எந்திரிச்சதும் அடுப்படிக்கு வாராரு. சாப்டியாங்கிறாரு. முழங்கால் வலி எப்பிடி இருக்குங்கிறாரு. எதுக்கு வாராருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சாலும்... வாராருல்ல ஆச்சி.”

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டு, “எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்டா, சொல்ல மாட்டேங்கிறா, நீயே இன்னும் கொஞ்ச நாள் கேட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டேன்.